மேவிஸின் வெற்றுத் தட்டு

மேவிஸ் தர்லோவுக்குப் பிடித்தவர்கள் யார் என்று கேட்டால் ஒரு கை விரல்களுக்குள் முடிந்துவிடும். பிடிக்காதவர்கள் யார் என்று கேட்டால், கேட்டவர் நாற்காலி போட்டு உட்கார வேண்டியதுதான். அடுத்த வீட்டு நாய், அந்த நாயை வளர்ப்பவள், மணியடிக்காமல் சைக்கிளில் பாய்ந்து வரும் கல்லூரிப் பையன்கள், தேநீரை ஊற்றிவிட்டுப் பாலை எடுக்கப் போகிறவர்கள் என்று பட்டியல் நீளும். 1979ஆம் வருஷம் பிப்ரவரியில் இவர்கள் எல்லோரையும் ஓரமாகத் தள்ளிவிட்டு டாக்டர் கிளைவ் ரென்ஷா முதலிடத்துக்கு வந்துவிட்டார்.

கேம்பிரிட்ஜில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் தரைத்தளத்தில் ஒரு கிச்சன் இருந்தது. அங்கே சாப்பாடு சமைப்பதில்லை. மேலே மூன்று மாடிகளிலும் இருந்த டாக்டர்கள் அழுக்காக்கி அனுப்பும் கண்ணாடிச் சாமான்களைக் கழுவி, கடற்பாசிக் கூழ் காய்ச்சி, வட்டத் தட்டுகளில் ஊற்றி உறைய வைத்து மேலே அனுப்புவார்கள். அந்தக் கூழின்மேல்தான் பாக்டீரியா வளரும். மேவிஸ் அந்தக் கிச்சனுக்குத் தலைவி. அவளுக்குக் கீழே வேல்ஸ்காரி டில்லிஸும், கடைசியாக வந்து சேர்ந்த நோராவும் இருந்தார்கள். மூன்று பேருக்குமே ஐம்பது தாண்டிவிட்டது. வேறு இடத்தில் வேலை தேடும் வயதில்லை.

இங்கே வருவதற்கு முன் மேவிஸ் பக்கத்து ஊர் ஜாம் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் நின்றவள். எது எந்தச் சூட்டில் உறையும், எது கெட்டுப்போகும் என்பது அவளுக்குத் தோலில் தெரியும். தோலில் என்றால் உண்மையாகவே தோலில்தான். காய்ச்சிய கூழ் பாட்டிலை இடது கன்னத்தில் வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவாள். பத்து வரை தாங்கினால் மருந்து கலக்கலாம். அதற்கு முன்னால் கன்னத்தை எடுக்க வேண்டி வந்தால் கூழ் இன்னும் கொதியில் இருக்கிறது என்று அர்த்தம். தெர்மாமீட்டர் வாங்கித் தந்தார்கள், அதை எடுத்து பாத்திரம் கழுவும் சிங்க்கின் தண்ணீர்ச் சூடு பார்க்க வைத்துக்கொண்டாள். பத்தொன்பது வருஷத்தில் அவளுடைய இடது கன்னத்தில் ஒரு சிவந்த வட்டம் நிரந்தரமாகிவிட்டது.

மேலே என்னதான் நடக்கிறது என்று அவள் கணவன் லெஸ் அடிக்கடி கேட்பான். அந்த வருஷங்களில் மரபணு ஆராய்ச்சி என்றாலே பத்திரிகைகள் ஒன்று விடாமல் பீதியைக் கிளப்பிக்கொண்டிருந்தன.

"பூதம் உண்டாக்கறாங்களாமே உங்க ஆளுங்க?" என்றான் ஒருநாள், ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

"உன்னைவிடப் பெரிய பூதத்தை யாருய்யா உண்டாக்க முடியும்? கேளு. எங்க ஜாம் பேக்டரி பெஞ்சு ஞாபகம் இருக்கா? ரெண்டு வரிசையா பொம்பளைங்க, எதிரும் புதிருமா."

"இருக்கு."

"ஒவ்வொருத்திக்கும் எதிர்ல இன்னார்தான்னு கணக்கு. தோல் சீவறவளுக்கு எதிர்ல கொட்டை எடுக்கறவ, கொட்டை எடுக்கறவளுக்கு எதிர்ல தோல் சீவறவ. பாட்டில் துடைக்கறவளுக்கு எதிர்ல மூடி போடறவ, அப்பறம் அதே மாதிரி மாத்தி. நாலே வகை ஆளு, ரெண்டே வகை ஜோடி. டி.என்.ஏ.ன்னா அதான். ஒரு வரிசை கதவுலேர்ந்து ஜன்னலுக்கு எண்ணும், எதிர் வரிசை ஜன்னல்லேர்ந்து கதவுக்கு எண்ணும். அப்படியே ரெண்டையும் சேத்து முறுக்கி வச்சிருக்கு."

"முறுக்கினா ஜாம் எப்படிப் போடுவாங்க?"

"வாயை மூடு. இப்ப ஒரு வரிசை மொத்தமா எழுந்து வேற அறைக்குப் போயிடுச்சுன்னு வை. மிச்சம் உக்காந்திருக்கறவளுங்களைப் பாத்தே எதிர்ல யார் யார் இருந்தாங்கன்னு சொல்லிடலாம்ல? புதுசா ஆள் கூப்பிட்டு உக்கார வைக்கலாம். போன வரிசைக்கு எதிர்லயும் அந்த அறையில புது ஆளு. ஒரு பெஞ்சு ரெண்டு பெஞ்சாயிடுச்சு. ரெண்டுலயும் பாதி பழசு, பாதி புதுசு. செல்லு ரெண்டா பிரியறப்போ இதத்தான் செய்யுது."

"தப்பா ஒருத்தி உக்காந்துட்டா?"

"மேஸ்திரியம்மா வந்து எழுப்பி விடுவா. ஆனா எது பழைய வரிசை, எது புதுசுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். இல்லன்னா தப்பு பண்ணினவளை விட்டுட்டு ஒழுங்கா உக்காந்தவளை எழுப்பி அனுப்பிடுவா."

லெஸ் யோசித்துவிட்டு, ஜாம் தொழிற்சாலையில் அப்படித்தானே நடந்தது என்றான். அந்த ஒரு தடவை மேவிஸ் அவனோடு ஒத்துப்போனாள்.

ரென்ஷா செய்துகொண்டிருந்தது அந்தப் பெஞ்சுக்கு நடுவில் வேற்றாளைச் செருகும் வேலை. பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட் என்று ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் இருக்கும். வெட்டும் நொதியால் அந்த வளையத்தைச் சரியாக ஓர் இடத்தில் வெட்டி, பன்றியின் கணையத்திலிருந்து வந்த ஒரு மரபணுவை நடுவில் வைத்து, ஒட்டும் நொதியால் வளையத்தை மூட வேண்டும். பிறகு பாக்டீரியாவை ஐஸில் வைத்து, ஒன்றரை நிமிஷம் சூடு காட்டி, அந்த வளையத்தை உள்ளே வாங்க வைக்க வேண்டும். லட்சத்தில் ஒன்றுதான் வாங்கும். வாங்கியது எது, வாங்காதது எது என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. அதற்குத்தான் தட்டில் ஆம்பிசிலின் மருந்து. வளையத்திலேயே அந்த மருந்தைத் தாங்கும் சக்தி எழுதப்பட்டிருக்கிறது. வளையம் இருக்கும் பாக்டீரியா பிழைக்கும், மற்றதெல்லாம் சாகும். ஆக, மருந்து சரியாக இருந்தால்தான் தட்டில் முளைக்கும் புள்ளிக்கு மரியாதை. மருந்து செத்திருந்தால் கண்டதும் முளைக்கும், அரைகுறையாகச் செத்திருந்தால் சிலது மட்டும் புள்ளியாக முளைத்து ஏமாற்றும்.

ஆம்பிசிலின் சூடு தாங்காது. அதனால்தான் மேவிஸின் கன்னம்.

கன்னம் போதாது என்று அவள் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தாள். ஒவ்வொரு தடவை ஊற்றும்போதும் ஒரு தட்டைத் தனியாக எடுத்து வைப்பாள். அதன்மேல் வளையம் எதுவும் இல்லாத வெறும் பாக்டீரியாவைக் கம்பியால் கோணல்மாணலாக இழுத்து, சூட்டறையில் ஓர் இரவு போடுவாள். காலையில் தட்டு வெறுமையாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது, மற்ற தட்டுகள் மேலே போகலாம். அதற்கு முன் எவர் வந்து கெஞ்சினாலும் ஒரு தட்டுகூட நகராது. மாடியில் எல்லோரும் இதை மேவிஸின் வெற்றுத் தட்டு என்பார்கள். அலுத்துக்கொள்வார்கள், ஆனால் காத்திருப்பார்கள்.

ரென்ஷா காத்திருக்கவில்லை. அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அங்கே தட்டெல்லாம் கம்பெனியிலிருந்து ஊற்றியபடியே பெட்டியில் வருகிறதாம். வந்த மூன்றாம் மாதமே கூடத்தின் தலைவர் டாக்டர் ஆஷ்கிராஃப்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார்: கிச்சனை மூடிவிடலாம், பெட்டியில் வாங்கிக்கொள்ளலாம். கடிதத்தை டைப் அடித்தவள் டில்லிஸின் சிநேகிதி. அன்று சாயங்காலத்துக்குள் கிச்சனில் மூன்று பேருக்கும் அது மனப்பாடம். நோரா அன்றைக்கு ஒன்றுமே சாப்பிடவில்லை. அவள் வீட்டில் புருஷன் நான்கு வருஷமாகப் படுத்த படுக்கை.

கடிதம் போன அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ரென்ஷா கிச்சன் வாசலில் வந்து நின்றார். மேவிஸ் அப்போதுதான் பெரிய குக்கரிலிருந்து கூழ் பாட்டில்களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"மிஸஸ் தர்லோ, நாப்பது தட்டு கேட்டிருந்தேன்."

"நேத்து கேட்டீங்க. இன்னிக்கு ஊத்தறேன். நாளைக்குக் காலைல எடுத்துக்குங்க."

"இன்னிக்கே வேணும். என் செல்லெல்லாம் ஐஸ்ல உக்காந்திருக்கு."

"உக்காந்திருக்கட்டும். ஐஸ் நெறைய இருக்கு."

"கடற்பாசியக் காய்ச்சி ஊத்தறதுக்கு இவ்ளோ சடங்கா? ஜெல்லி கிண்டத் தெரிஞ்ச யாரும் செய்யற வேலை. இதுக்கு ஒரு கிச்சன், மூணு பேரு!"

நோரா கையிலிருந்த குடுவையைக் கீழே வைத்தாள். மேவிஸுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"ஜெல்லியப் பத்தி நீங்க பேசறீங்களா? போன கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்லேர்ந்து வந்துச்சே ஒரு ஜெல்லி, அதைக் கரண்டில எடுக்க முடியல. ஸ்ட்ரா போட்டுக் குடிச்சோம்."

டில்லிஸ் சிரித்துவிட்டாள். ரென்ஷாவின் காது சிவந்தது. அதன் பிறகு பேச்சு எங்கெங்கோ போனது. அவர் அமெரிக்காவைச் சொன்னார், அவள் அப்படியே திரும்பிப் போகச் சொன்னாள். அவர் கடிதத்தைப் பற்றிச் சொன்னார், அதில் இருந்த எழுத்துப் பிழைகள் எத்தனை என்று அவள் சொன்னாள். பேசிக்கொண்டே கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. மருந்தை அளந்தது, பாட்டில்களில் ஊற்றியது, கூழ் உறைந்துவிடாமல் இருக்கத் திரும்ப ஆவியில் வைத்தது. அரை மணி நேரம் கழித்து அவர் கதவில் சாய்ந்துகொண்டு, தட்டு இல்லாமல் நகர மாட்டேன் என்றபோது, நாற்பத்தொரு தட்டுகளை ஊற்றினாள். நாற்பதை உறைந்தும் உறையாததுமாக அவர் கையில் திணித்தாள்.

"கொண்டு போய்த் தொலைங்க. வெற்றுத் தட்டு பாக்காம தந்ததுன்னு நெனப்புல வச்சுக்குங்க."

"உங்க வெற்றுத் தட்டை நீங்களே வச்சுக்குங்க" என்றார் அவர்.

வைத்துக்கொண்டாள். பழக்கதோஷம். நாற்பத்தொன்றாவது தட்டில் வெறும் பாக்டீரியாவை இழுத்துச் சூட்டறையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

புதன்கிழமை காலை ஏழரைக்கு அதை எடுத்துப் பார்த்தாள். அவள் கம்பியால் இழுத்த கோடு அப்படியே வெள்ளையாகத் திரண்டு வளர்ந்திருந்தது.

டில்லிஸ் எட்டிப் பார்த்தாள். 

"நேத்து உன் கன்னத்து வட்டம் புதுசா சிவக்காம மங்கலா இருந்துச்சுடி மேவிஸ். வீட்டுக்குப் போறப்போ பாத்தேன். என்னமோ மாதிரி இருக்கேன்னு நெனச்சேன், என்னன்னு தோணல."

மேவிஸ் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பாட்டிலைக் கன்னத்தில் வைக்கவேயில்லை. கொதிக்கக் கொதிக்க மருந்தைப் போட்டு, போதாததற்குத் திரும்பவும் ஆவியில் வைத்திருக்கிறாள். ஜெல்லியைப் பற்றி அவர்கள் சண்டை போட்ட நேரம் முழுக்க மருந்து வெந்துகொண்டிருந்தது.

"நான் பண்ணினதுதான்" என்றாள்.

"யாருக்குத் தெரியும்? அதைக் குக்கர்ல போட்டு வேக வை. முடிஞ்சது கதை. அவரு தட்டெல்லாம் புள்ளி புள்ளியா முளைச்சிருக்கும். ஜெயிச்சுட்டேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பாரு. ஒரு மாசம் கழிச்சு உள்ள ஒரு மரபணுவும் இல்லன்னு தெரியும், மூஞ்சி செத்துப்போகும். அதுக்கப்பறம் அவரு கடுதாசிய எவன் மதிப்பான்? கிச்சனும் தப்பிச்சுது, நாமளும் தப்பிச்சோம்."

நோரா சிங்க்கில் தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "அவ சொல்றதைக் கேளு மேவிஸ்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மேவிஸுக்கும் அதில் மறுப்பு இல்லை. ரென்ஷா குப்புற விழுவதை நினைத்தால் இனிப்பாகத்தான் இருந்தது. தட்டை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள், பிறகு வேக வைக்கலாம் என்று. பத்தரை மணிக்கு மாடித் தேநீர் அறைக்குப் பால் கொண்டுபோக வேண்டியிருந்தது, போனாள்.

ரென்ஷா ஜன்னல் பக்கம் நின்று ஒரு தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர். ஆஷ்கிராஃப்ட் நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"நானூத்திப் பன்னெண்டு" என்றார் ரென்ஷா. "மொத்தம் நானூத்திப் பன்னெண்டு புள்ளி! இதுல ஒரு விஷயம் கவனிக்கணும். இது நேத்து ஊத்தி நேத்தே வாங்கின தட்டு. ராத்திரி முழுக்கப் பூஜை பண்ற வேலையெல்லாம் கிடையாது. இந்தக் கிச்சன்லேர்ந்து இதுவரைக்கும் வந்ததுலயே நல்ல தட்டு இதான்."

அவர் ஜெயித்தேன் என்று மட்டும் சொல்லியிருந்தால் மேவிஸ் பால் ஜாடியை வைத்துவிட்டு இறங்கிப் போயிருப்பாள். நல்ல தட்டு என்றாரே, அதுதான் பொறுக்கவில்லை. பத்தொன்பது வருஷமாகக் கன்னத்தைச் சுட்டுக்கொண்டு ஊற்றிய லட்சம் தட்டுகளை எல்லாம் விட்டுவிட்டு, அவள் ஊற்றியதிலேயே மட்டமான தட்டைத் தூக்கிப் பிடித்து நல்ல தட்டு என்கிறான். 

"அது நல்ல தட்டு இல்ல" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். அவள் பையிலிருந்த தட்டை எடுத்து, ஆஷ்கிராஃப்ட்டின் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதே பாட்டில், இதே நாள். இதுல இழுத்தது வெறும் பாக்டீரியா. வளையமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பாருங்க எப்படி வளந்திருக்குன்னு."

ரென்ஷாவின் முகத்தில் இருந்த சிரிப்பு போக ஒரு நிமிஷம் ஆனது. "அப்படின்னா நீங்க மருந்தே போடல!"

"போட்டேன். கொதிக்கறப்போ போட்டேன். நீங்க கத்தினீங்க, நான் கத்தினேன், மருந்து வெந்துபோச்சு. தப்பு என்னுது. கேட்டுக்குங்க எல்லாரும்."

"கேட்டீங்களா?" என்று ரென்ஷா ஆஷ்கிராஃப்ட்டிடம் திரும்பினார். "இதத்தான் எழுதினேன். இவங்க கையை நம்பி நாம..."

ஆஷ்கிராஃப்ட் தட்டை, மூடியைத் திறக்காமலே, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கிளைவ், டி.என்.ஏ. எதுவும் போடாத வெறும் செல்லை ஒரு தட்டுல பரப்பியிருப்பியே. அது எங்க?"

ரென்ஷா கையிலிருந்த தட்டை மேஜையில் வைத்தார். ஆஷ்கிராஃப்ட் விடவில்லை.

"அதுல ஒரு புள்ளி முளைச்சிருந்தாலே நேத்து ஊத்தினது செத்த மருந்துன்னு உனக்கே தெரிஞ்சிருக்குமே."

"தட்டு பத்தல" என்றார் ரென்ஷா.

"நாப்பதுலயுமா?"

யாரும் சிரிக்கவில்லை. படிக்கிற பிள்ளைகூட மறக்காத தட்டு அது. மேவிஸ் பால் ஜாடியை மேஜையில் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள். படிக்கட்டில் பின்னாலேயே வந்து ரென்ஷா சொன்னார்: "உங்க கிச்சனுக்குப் பூட்டு போடாம விட மாட்டேன்."

"பூட்டு போட்டுட்டுச் சாவிய என்கிட்டயே குடுங்க. உங்களுக்கு எதை எங்க வச்சோம்னு நெனப்பு இருக்காது" என்றாள் அவள்.

நானூற்றுப் பன்னிரண்டு புள்ளிகளில் ஒன்றில்கூடப் பன்றியின் மரபணு இல்லை என்று இரண்டு வாரத்தில் தெரிந்தது. ரென்ஷாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பச் செய்தார், கோடையில் சரியாக வந்தது, கட்டுரையும் வெளியானது. மேவிஸுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கெட்ட தட்டு ஒன்று கிச்சனிலிருந்து மேலே போனது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, கடிதமும் மேஜையில் கிடந்தது. ஏப்ரலில் கமிட்டி கூடி இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு முடிவு எடுத்தது. பாதித் தட்டுகளைப் பெட்டியில் வாங்குவது, கிச்சனுக்கு இரண்டு பேர் போதும். கடைசியாகச் சேர்ந்தவர் போக வேண்டும்.

நோரா தன் ஏப்ரனை மடித்து மேஜைமேல் வைத்தாள்.

"தப்பு பண்ணினவ நீ" என்றாள் மேவிஸிடம். "அதைத் தூக்கிட்டுப் போய்க் காட்டினவளும் நீ. வேலை போறது எனக்கு. அன்னிக்கு நான் பாட்டிலைத் தொடக்கூட இல்ல."

"நோரா..."

"ஒரே ஒரு நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா? எங்களுக்காகன்னு வேணாம். சும்மாவே."

மேவிஸ் ஆஷ்கிராஃப்ட்டிடம் போய், நோராவுக்குப் பதில் நான் போகிறேன் என்று சொன்னாள். நீங்கள் போனால் கிச்சனை யார் பார்ப்பது, அதெல்லாம் முடியாது என்றார் அவர். அறையை விட்டு வெளியே வந்தபோது அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவை அவள் மறக்கவில்லை. அன்றைக்குப் பிடிக்காதவர் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டாள், அதுவும் ரென்ஷாவுக்கு மேலே. சனிக்கிழமைச் சந்தையில் எதிரே மேவிஸைப் பார்த்தால் நோரா தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவாள். இரண்டு மூன்று தடவை மேவிஸும் பின்னாலேயே கடந்து பார்த்தாள். நோரா திரும்பவும் இந்தப் பக்கம் வந்துவிட்டாள்.

ரென்ஷா அதன் பிறகு பதினொரு வருஷம் அங்கேதான் இருந்தார். பெட்டித் தட்டு அவர் கொண்டு வந்ததுதான், ஆனால் ஆம்பிசிலின் தட்டுக்கு மட்டும் கிச்சனுக்கே சீட்டு அனுப்புவார். ஒவ்வொரு சீட்டிலும் எண்ணிக்கைக்குக் கீழே, "வெற்றுத் தட்டு ஒன்று" என்று அவர் கையெழுத்தில் இருக்கும். கிச்சனுக்குள் கால் வைத்ததில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருவர் ஏற, மற்றவர் இறங்க, இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

1990இல் மேவிஸ் ஓய்வு பெறும் நாளில்தான் அவர் கிச்சனுக்கு வந்தார். தலை நரைத்துப் பேராசிரியராகியிருந்தார். மேவிஸ் கடைசிக் கூழ் பாட்டிலைக் குக்கரிலிருந்து எடுத்து ஆற வைத்திருந்தாள்.

"ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்னு. அந்தத் தட்டை நீங்க தூக்கிப் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிஞ்சிருக்காது. நான் அந்த மாசமே லண்டன்ல அதைப் பத்திப் பேசறதா இருந்தேன். பேசியிருந்தா என் கதை அப்பவே முடிஞ்சிருக்கும். நீங்கதான் காப்பாத்தினீங்க."

"உங்களுக்காகச் செஞ்சேன்னு நெனச்சீங்களா?" என்றாள் மேவிஸ். "மட்டமான தட்டை நல்ல தட்டுன்னு சொன்னீங்க. பொறுக்கல. அவ்ளோதான். நீங்க லண்டன்ல விழுந்திருந்தா நான் கேக் வெட்டியிருப்பேன்."

அவர் சிரித்தார். மனசு இளகிய மனிதன் சிரிக்கும் சிரிப்பு. அது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சிரிக்காதீங்க. நீங்களும் நானும் பண்ணினதுக்கு நோராதான் வெளில போனா."

ரென்ஷா புருவத்தைச் சுருக்கினார். நினைவில் தேடுகிற மாதிரி கூரையைப் பார்த்தார்.

"நோராவா? அது யாரு?"

மேவிஸ் பாட்டிலை எடுத்து இடது கன்னத்தில் வைத்தாள். இன்னும் சூடு குறையவில்லை, பத்துக்கு முன்னால் எடுக்க வேண்டிய கொதி. அவர் வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டுப் போனார். டில்லிஸ் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, மேவிஸின் கன்னத்தைப் பார்த்து வாய்க்குள் எண்ணினாள். பத்து வந்தது, பதினொன்று வந்தது, பன்னிரண்டும் வந்தது, மேவிஸ் கன்னத்தை எடுக்கவில்லை.